ஊதாத் துணி போர்த்திய கம்ப்யூட்டர்

விண்ணரசி என்கிற பெயரை நான் முதன்முதலில் கேட்டது எங்கள் ஊர் மாதா கோயிலில், ஓலை வாசித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பையன் பெயரையும் பெண் பெயரையும் வாசித்து, தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று கேட்பார்கள். அதைத்தான் ஓலை என்போம். வேளாங்கண்ணிக்கு மேற்கே, வயலுக்கு நடுவில் இருக்கிற சின்ன ஊர் எங்களுடையது. சாமியார் மாதத்துக்கு ஒரு தரம்தான் வருவார். மற்ற ஞாயிறுகளில் ஜெபம் சொல்வதும் ஓலை வாசிப்பதும் உபதேசியார் வேலை. உபதேசியார் வேறு யாருமில்லை, என் சித்தப்பா ஆசீர்வாதம். என் அம்மா கூடப்பிறந்த தங்கையைக் கட்டியவர். அன்றைக்கு அவர் வாசித்தது சொந்த மகனுடைய ஓலை. ஆனாலும் யாரோ மூன்றாம் மனிதனுக்கு வாசிப்பது போல முகத்தை வைத்துக்கொண்டு, "ஆசீர்வாதம் மகன் சகாயராஜுக்கும், திருப்பனந்தாள் சவரிமுத்து மகள் விண்ணரசிக்கும்" என்று கணீரென்று வாசித்தார். ஒலிபெருக்கி கிடையாது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மாடு மேய்க்கிறவனுக்கும் கேட்டிருக்கும்.

பக்கத்தில் இருந்த என் மாமியார் என் காதோடு, "பேரே அம்மாம் ஒசரத்துல இருக்கே, பொண்ணு தரையில நடக்குமாடி?" என்றாள். நான் முந்தானையைக் கடித்துக்கொண்டேன். சித்தப்பா தாளுக்கு மேலாக எங்கள் இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்தார்.

பெண் தரையில்தான் நடந்தாள். மாநிறம், கொஞ்சம் உயரம், டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள். சகாயராஜ் எனக்குத் தம்பி முறை என்பதால் என்னை "அண்ணி" என்பாள். வந்த இரண்டாம் வருஷம் எல்வின் பிறந்தான். அவன் தவழ ஆரம்பித்த சமயம் ஆற்றில் தண்ணீர் பிந்தி வந்து குறுவை போயிற்று. அடுத்த வருஷம் சம்பாவும் பாதிதான். ஊரில் மீசை முளைத்தவனெல்லாம் பாஸ்போர்ட்டுக்கு போட்டோ எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. சகாயராஜும் போனான். சிங்கப்பூரில் கப்பல் கட்டுகிற இடத்தில் வெல்டிங் வேலை.

என் சித்தி அதற்கு முன்பே செத்துப்போய்விட்டாள். ஆகவே வீட்டில் மாமனார், மருமகள், கைக்குழந்தை, அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் அந்த நாளில் மாமனார் மருமகளிடம் நேராகப் பேசமாட்டார். சித்தப்பாவோ ஊருக்கே ஒழுங்கு சொல்கிறவர். அவர் எப்படிப் பேசுவார்? குழந்தையைப் பார்த்துத்தான் பேசுவார்.

"எல்வின், ரசத்துல உப்பு இல்லேன்னு உங்கம்மாகிட்ட சொல்லு."

அந்தப் பிள்ளைக்கு அப்போது பேச்சே வரவில்லை. விண்ணரசியும் விடமாட்டாள். குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, "எல்வின், உப்பு டப்பா தாத்தா கைக்கிட்டதான் இருக்குன்னு சொல்லு" என்பாள். நான் போகிற நேரங்களில் இந்தக் கூத்தைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன்.

எல்வின் பள்ளிக்கூடம் போகிற வயதில் ஒரு லீவுக்கு வந்த சகாயராஜ், கம்பளிக்கும் சோப்புக்கும் நடுவில் பொதிந்து ஒரு கம்ப்யூட்டர் கொண்டுவந்தான். அவன் கம்பெனி ஆபீசில் புதுசு வாங்கிவிட்டுக் கழித்துப் போட்டது. அங்கே குப்பை, இங்கே எங்கள் ஊருக்கு அதுதான் முதல் கம்ப்யூட்டர். நடவுக்கு வந்திருந்த பக்கத்து ஊர் நாகம்மாள்கூட நாற்றுக்கட்டை வரப்பில் வைத்துவிட்டுப் பார்க்க வந்தாள். சித்தப்பா தீர்த்தம் தெளித்து, சிலுவை போட்டு, பிறகுதான் சுவிட்சைப் போட விட்டார்.

அதில் ஒரு சீட்டு விளையாட்டு இருந்தது. ஒருவர் தனியாக ஆடுவது. திரையில் சீட்டுக்களை அடுக்கிக்கொண்டே போகவேண்டும். எல்லாம் சரியாகச் சேர்ந்துவிட்டால், கடைசியில் சீட்டுக்கள் ஒவ்வொன்றாக எம்பிக் குதித்து, பந்து மாதிரித் துள்ளித் துள்ளிக் கீழே போகும்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். சித்தப்பாவுக்குச் சீட்டு என்றாலே ஆகாது. அறுவடை முடிந்து கையில் வேலையில்லாத நாட்களில் களத்துமேட்டில் பையன்கள் வட்டமாக உட்கார்ந்தால், சத்தமில்லாமல் பின்னால் போய் நின்று, மொத்தக் கட்டையும் பிடுங்கி நடுவாகக் கிழித்து வாய்க்காலில் போட்டுவிடுவார். என் வீட்டுக்காரரின் கட்டே இரண்டு தரம் மிதந்து போயிருக்கிறது. அப்படிப்பட்டவர் வீட்டில் விண்ணரசி, மாமனார் வயலுக்குப் போன நேரம் பார்த்து மத்தியானத்தில் அந்த ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் ஆட்டம் முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. கன்னத்தில் கைவைத்து அவள் திரையையே பார்த்துக்கொண்டிருக்க, முதுகுக்குப் பின்னால் கணீரென்று குரல்.

"அந்தக் கறுப்பு ஏழைத் தூக்கிச் செவப்பு எட்டுல போடேன்."

விண்ணரசி துள்ளி எழுந்துவிட்டாள். மாமனார் மண்வெட்டியோடு வாசற்படியில் நிற்கிறார். அவள் கல்யாணமாகி வந்த இத்தனை வருஷத்தில் அவர் நேராக அவளிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"மாமா, உங்களுக்குச் சீட்டு ஆடத் தெரியுமா?"

"தெரியாம எப்படிக் கிழிக்கிறது?" என்றாராம். பிறகு மண்வெட்டியைச் சாத்திவிட்டு, "இது சீட்டு இல்ல. கையில தாளு இல்ல, எதிராளு இல்ல, பந்தயம் இல்ல. இது கணக்கு" என்று அவரே தீர்ப்பும் சொன்னார். கோயிலில் முடிச்சுப்போட்டுப் பேசுகிறவருக்கு இதை அவிழ்க்கவா தெரியாது?

அன்றிலிருந்து சாயங்காலம் ஒரு ஆட்டம். அவர் சொல்லுவார், அவள் நகர்த்துவாள். பிறகு அவரே மவுஸ் என்கிற அந்த எலியைப் பிடிக்கக் கற்றுக்கொண்டார். கடைசியில் சீட்டுக்கள் குதிக்கும்போது சின்னப்பிள்ளை போல வாயைத் திறந்துகொண்டு பார்ப்பார். ஒரு நிபந்தனை மட்டும் வைத்தார். தவக்காலம் நாற்பது நாளும் ஆட்டம் கிடையாது. கோயிலில் சுரூபங்களை ஊதாத் துணியால் மூடுகிறோமே, அதே மாதிரி தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதன் காலையில் கம்ப்யூட்டருக்கும் ஒரு ஊதாத் துணியைப் போர்த்திவிடுவார். பாஸ்காவன்று, ஈஸ்டர் ஞாயிறு காலையில்தான் எடுப்பார். "கம்ப்யூட்டருக்கு மந்திரிக்கிறாரு" என்று ஊரில் கேலி பேசினார்கள். அவர் காதிலேயே வாங்கவில்லை.

விண்ணரசி இதற்குள் நாகப்பட்டினத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டைப் சொல்லிக்கொடுக்கப் போனாள். அங்கே திறந்து கிடக்கிற பெட்டிகளைப் பார்த்துப் பார்த்துத் தானும் கழற்றி மாட்டக் கற்றுக்கொண்டாள். சென்டர்காரர் கடையை மூடிச் சென்னைக்குக் கிளம்பினபோது, ஓடாத பெட்டிகளை "நீயே எடுத்துக்க" என்று விட்டுவிட்டார். மூன்று செத்த பெட்டியில் ஒன்றைப் பிழைக்க வைத்தாள். அப்படித்தான் கடை ஆரம்பித்தது. பங்குச் சாமியார்கள், பள்ளிக்கூடங்கள், டைப் அடித்துப் பிழைக்கிறவர்கள் என்று புதுசு வாங்க முடியாதவர்களின் பழைய மிஷின்களுக்கு அவள்தான் வைத்தியம் பார்த்தாள்.

அந்தப் பெட்டிகளுக்குள் ஹார்ட் டிஸ்க் என்று ஒன்று இருக்கிறது. சின்ன இரும்புப் பெட்டி, கையில் வைத்தால் எடைக்கல் மாதிரிக் கனக்கும். உள்ளே தட்டு சுற்றும். மிஷினுக்கு ஞாபகமெல்லாம் அதில்தான். பழசில் முதலில் சாவது அதுதான். கழித்துப்போட்ட மிஷின்களிலிருந்து நல்ல டிஸ்க்கைக் கழற்றி, செத்துப்போன பழைய மிஷினில் வைத்தால் அது இன்னும் கொஞ்ச காலம் ஓடும். புது டிஸ்க்கைப் போட்டால் என்ன என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"ஏத்துக்காது அண்ணி. புதுசெல்லாம் அம்மாம் பெரிசு. மரக்காலால அளந்து பழகினவன்கிட்ட கடலக் கொண்டுபோய்க் கொட்டினா எதை அளப்பான்? அப்படியே நின்னுடும்."

அவளுக்கு இரண்டு பழக்கங்கள் உண்டு. ஒரே கம்பியில் இரண்டு டிஸ்க்கை மாட்டினால், எது முந்தி எது பிந்தி என்று மிஷினுக்குத் தெரியவேண்டும். அதற்கு டிஸ்க்கின் பின்பக்கம் உளுந்து அளவில் ஒரு கறுப்புத் துண்டு இருக்கும். அதை இடம் மாற்றிச் செருகவேண்டும். இங்கிலீஷில் அதற்கு எஜமான், அடிமை என்றுதான் பெயராம். சென்டரில் முதல் நாள் அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டவள், அந்த வார்த்தையை அதற்குப் பிறகு வாயில் எடுக்கவேயில்லை. அவள் அம்மாவைப் பெற்றவர் ஒரு மிராசு வீட்டில் பண்ணையாளாக இருந்தவர். "எங்க தாத்தாவ அப்படிக் கூப்பிட்டது போதும். இதுங்க அண்ணன் தம்பியா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். அவள் கடையில் எல்லா டிஸ்க்கிலும் பேனாவால் அண்ணன் என்றோ தம்பி என்றோ எழுதியிருக்கும்.

இன்னொன்று, யாருடைய டிஸ்க்கையும் உள்ளே பார்க்கமாட்டாள். மறுபடி உபயோகிப்பதற்கு முன்னால் அதில் இருப்பதை அழித்தாகவேண்டும். "யார் யார் வாழ்ந்ததோ இதுல இருக்கு, நமக்கெதுக்கு?" என்பாள். ஆனால் அழிக்கிற பொத்தானை அழுத்துமுன், கல்லறையில் நின்று சொல்லுவோமே, மரித்தவர்களுக்காக நித்திய இளைப்பாற்றி கேட்கிற ஜெபம், அதைச் சொல்லிவிட்டுத்தான் அழுத்துவாள்.

சித்தப்பா இதைக் கேள்விப்பட்டுக் குதித்தார். "தகரத்துக்கு மரித்தோர் ஜெபமா? ஆத்துமா இருக்கிறதுக்குத்தான் ஜெபம். சாமியார்கிட்ட சொல்லிப்புடுவேன்!"

"சொல்லுங்க மாமா. கம்ப்யூட்டருக்கு ஊதாத் துணி போடறதயும் சேத்துச் சொல்லுங்க."

அதோடு அந்தப் பேச்சு நின்றது.

சுனாமி வந்து நாலு வருஷம் இருக்கும். எல்வின் படித்து முடித்துப் பெங்களூர் போய்விட்டான். ஒருநாள் விடியற்காலை சித்தப்பா கொல்லையில் விழுந்து கிடந்தார். பக்கவாதம். வலது கை, வலது கால் போயிற்று, வாயும் போயிற்று. மூச்சு இருந்தது, கண்ணில் அடையாளம் தெரிந்தது, வார்த்தை மட்டும் வரவில்லை. ஊர் முழுக்கக் கேட்ட குரலில் காற்று மட்டும்தான் வந்தது. சகாயராஜ் வந்து லீவு முடிகிற வரையில் இருந்துவிட்டு அழுதுகொண்டே திரும்பிப் போனான்.

விண்ணரசி கடையைப் பாதி நாளாக்கிக்கொண்டாள். டாக்டர் எதையாவது பிடிக்கச் சொல்லுங்கள் என்றார். பந்து கொடுத்தாள், ஜெபமாலை கொடுத்தாள். எதையும் அவர் பிடிக்கவில்லை. ஒருநாள் கட்டிலுக்குப் பக்கத்தில் அந்தப் பழைய சிங்கப்பூர் மிஷினை இழுத்துவைத்து, சீட்டைப் போட்டாள். சித்தப்பாவின் இடது கை போர்வைக்குள்ளிருந்து தானாக வெளியே வந்தது. அது ஒன்றுக்குத்தான் வந்தது. சாப்பாட்டுக்கு வரவில்லை, வந்து பார்க்கிற எங்களுக்கு வரவில்லை. ஆட்டம் முடிந்து சீட்டுக்கள் குதிக்கும்போது முகத்தில் பாதி சிரிக்கும். அந்தச் சிரிப்பு அடங்குமுன் விண்ணரசி கஞ்சியை ஊட்டிவிடுவாள். அப்படித்தான் அவர் சாப்பிட்டார்.

எல்வின் தாத்தாவுக்கென்று ஒரு லேப்டாப் வாங்கிவந்தான். நல்ல பிள்ளை, ஆசையாகத்தான் வாங்கிவந்தான். அதிலும் சீட்டு இருந்தது. ஆனால் கடைசியில் சீட்டுக்கள் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து மறைந்துவிடும். பழைய மிஷின் மெதுவாக ஓடுவதால் அதில் ஒவ்வொரு சீட்டாக இறங்கும், அவர் கண்ணும் கூடவே இறங்கும். லேப்டாப்பை அவர் இடது கையாலேயே தள்ளிவிட்டார்.

"கோச்சுக்காதடா. தாத்தா வேகத்துக்கு அதுதான்" என்றாள் விண்ணரசி.

மறு வருஷம் தவக்காலம் வந்தது. இங்கேதான் எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் செய்யாத ஒரு தப்பு நடந்தது. சாம்பல் புதனன்று காலையில் விண்ணரசி அந்த ஊதாத் துணியை எடுத்து மாமனாரிடம் காட்டினாள். அவரால் ஆமாம் என்றும் சொல்ல முடியாது, வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. கண்ணை மூடிக்கொண்டார். சம்மதம் என்று அவள் எடுத்துக்கொண்டாள். நானும் அங்கேதான் இருந்தேன், நானும் அப்படித்தான் நினைத்தேன். நாக்கில்லாத மனிதருடைய விரதத்தை நாம் முறிக்கக்கூடாது என்று இரண்டு பேரும் சேர்ந்துதான் மூடினோம்.

அந்த நாற்பது நாளும் ஸ்பூனால் வாயைப் பிளந்துதான் ஊட்டினாள். "பாஸ்கா வரட்டும் மாமா, வந்துடும்" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். அவர் துணியையே பார்த்துக்கொண்டு கிடப்பார்.

பாஸ்காவன்று கோயிலிலிருந்து நேராக வந்து, துணியை எடுத்து, சுவிட்சைப் போட்டாள். விளக்கு எரிந்தது, உள்ளே காற்றாடி சுற்றியது, அவ்வளவுதான். திரையில் ஏதோ இரண்டு வரி வந்து நின்றுவிட்டது. சித்தப்பாவின் கை போர்வைக்கு வெளியே வந்து காத்திருந்தது.

பழைய டிஸ்க் ஓடிக்கொண்டே இருந்தால் ஓடும். நாள்கணக்கில் சும்மா நின்றால், எங்கள் உப்புக்காற்றில், உள்ளே தட்டு ஒட்டிக்கொள்ளுமாம். முன்னெல்லாம் நாற்பது நாள் தாங்கின டிஸ்க், இப்போது வயதாகித் தாங்கவில்லை. அதற்கும் ஒரு கை வைத்தியம் இருக்கிறது. டிஸ்க்கை உள்ளங்கையில் வைத்து, முறத்தில் கல் கொழிக்கிறபோது மணிக்கட்டைச் சுண்டுவோமே, அப்படி ஒரு சுண்டு சுண்டவேண்டும். விண்ணரசி சுண்டினாள். ஒரு தரம் சுற்றியது. பிறகு உள்ளே டக், டக் என்று தட்டுகிற சத்தம். அந்தச் சத்தம் கேட்டால் முடிந்தது என்று அர்த்தம். அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் மூடாம இருந்திருக்கலாம் அண்ணி. ஆருக்காவது தெரிஞ்சிருக்கணும்னா எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

சித்தப்பாவின் கை மெதுவாக உள்ளே போயிற்று. சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றைக்குப் பாஸ்காக் கறியும் இறங்கவில்லை, கஞ்சியும் இறங்கவில்லை. மறுநாளும் இல்லை. ஸ்பூன் பட்டால் பல்லைக் கடித்துக்கொண்டார். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "இப்படியே விட்டா ரொம்ப நாள் தாங்காதும்மா" என்று வாசலில் நின்று சொன்னார்.

அதே காலத்து டிஸ்க் வேண்டும். விண்ணரசியின் கடையில் இருந்ததில் ஒன்றுதான் அத்தனை பழசு. சீட்டு விளையாட்டும் மற்றதும் பிரதி எடுத்து வைத்திருந்தது அதில்தான். ஆனால் அதுவும் சாகக் கிடந்தது. கொஞ்ச நேரம் ஓடும், சூடானதும் நின்றுவிடும். அதை மிஷினில் வைத்தால் ஒரு ஆட்டம் தாங்காது. அதிலிருந்து இன்னொரு நல்ல டிஸ்க்குக்கு மாற்ற மட்டும் ஆகும். அந்த இன்னொன்று எங்கே?

நாகப்பட்டினத்தில் மீரா உசேன் என்று பழைய இரும்புக் கடை வைத்திருப்பவர் ஒருவர் இருந்தார். சுனாமிக்குப் பிறகு நிவாரண வேலைக்கு வந்தவர்கள் விட்டுப்போன கம்ப்யூட்டரெல்லாம் அவரிடம்தான் குவிந்தன. விண்ணரசியோடு நானும் போனேன். அவளைத் தனியாக பஸ்ஸில் விட மனசு வரவில்லை.

"வாங்க வாங்க, ஊரே புதுசு கேட்டு அலையுது. நீங்க ஒருத்திதான் செத்ததைத் தேடி வர்றீங்க" என்றார் மீரா உசேன்.

"பாய், வெளயாட்டுக்கு இல்ல. சுனாமிக்கு அப்புறம் வந்தது வேணாம். அதுக்கு ரொம்ப முந்தினது, கனமா, தடிமனா இருக்கும்."

"அதெல்லாம் உருக்கப் போயிருக்கும்மா."

அவர் முகத்தைப் பார்த்தே இவள் கண் கலங்கிவிட்டது. அவர் பதறிப்போனார். "என்ன தங்கச்சி, டிஸ்க்குக்குப் போய் அழுவுறீங்க?" நான்தான் விஷயத்தைச் சொன்னேன், ஊதாத் துணி உட்பட. அவர் சிரிக்கவில்லை. "எங்கத்தாவும் இப்படித்தான் கெடந்தாங்க" என்று தன் தகப்பனாரைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு அவரே குவியலில் ஏறி, மின்விசிறியும் பம்ப் செட்டும் தகரமுமாகச் சரித்துத் தள்ள ஆரம்பித்தார். வெயில் சாய்கிற வரையில் தேடினோம். கடைசியில் லேபிள் உரிந்த ஒரு டிஸ்க் தராசுக்கு அடியில் கிடைத்தது. தராசு ஆடாமல் இருக்க முட்டுக் கொடுத்திருந்தார்கள். தன் கடைத் தராசுக்கு முட்டாகக் கிடந்தது அவர் கண்ணிலேயே படவில்லை.

விண்ணரசி அதை மணிக்கட்டில் சுண்டி, கடையிலிருந்த ஒரு பெட்டியில் மாட்டிக் காதை வைத்துக் கேட்டாள். பிறகு ஓடுகிறது என்று என் பக்கம் திரும்பித் தலையை ஆட்டினாள். மீரா உசேன் தராசுக்கு ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்தார்.

மறுநாள் காலை, சித்தப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே தரையில் மிஷினைத் திறந்து வைத்து உட்கார்ந்தாள். அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நான் கஞ்சிக் கிண்ணத்தோடு ஸ்டூலில் இருந்தேன். சாகக் கிடந்தது, தராசடியில் கிடைத்தது, இரண்டு டிஸ்க்கையும் ஒரே கம்பியில் மாட்டிச் சுவிட்சைப் போட்டால், இரண்டையுமே மிஷின் கண்டுகொள்ளவில்லை. கழற்றினாள், மறுபடி மாட்டினாள். எல்வினுக்கு போன் போட்டாள்.

"அம்மா, பதட்டப்படாத. பின்னாடி அந்தச் சின்னத் துண்டைப் பாரு. ரெண்டும் எப்படி இருக்கு?"

அவள் திருப்பிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "ரெண்டையும் அண்ணனாப் போட்டுட்டேன்டா!"

"பின்ன எப்படிம்மா ஓடும்? நம்ம ஊரு பங்காளிச் சண்டைதான்."

அழுகையும் சிரிப்புமாக ஒன்றைத் தம்பியாக்கினாள். இரண்டும் வந்தன. கிடைத்த டிஸ்க்கில் யாருடையதோ நிறைய இருந்தது. அதை அழித்தால்தான் இதை ஏற்றலாம். வழக்கப்படி உள்ளே பார்க்கவில்லை. விரலைப் பொத்தானில் வைத்துக்கொண்டு, தனக்குள் முணுமுணுப்பதாக நினைத்துச் சற்று உரக்கவே சொல்லிவிட்டாள்.

"நித்திய இளைப்பாற்றியை அவர்களுக்குத் தந்தருளும் சுவாமி."

கட்டிலிலிருந்து, சுவரைப் பார்த்தபடியே, கரகரத்து ஒரு குரல் வந்தது.

"முடிவில்லாத ஒளி… அவர்கள் மேல்…"

என் கையிலிருந்த ஸ்பூன் விழுந்துவிட்டது. இந்த ஊரில் மண்ணுக்குப் போன ஒவ்வொருவருக்கும், என் அப்பா அம்மாவுக்கும், என் சித்திக்கும், குழியோரத்தில் நின்று சித்தப்பா சொன்ன ஜெபம் அது. அறிவு தேடிப் பிடிக்கிற வார்த்தை இல்லை அது, நாக்கு தானாகவே போய்வருகிற தடம். பக்கவாதம் அந்தத் தடத்தை மட்டும் அழிக்கவில்லை போலிருக்கிறது.

விண்ணரசி அசையவில்லை. திரும்பினால் போய்விடுமோ என்று பயந்தவள் மாதிரித் திரையைப் பார்த்துக்கொண்டே மறுபடி முதல் அடியைச் சொன்னாள். மறுபடி பதில் வந்தது, இந்த முறை முழுசாக, முடிவில் "ஆமென்" உட்பட. பொத்தானை அழுத்தினாள்.

பிறகு அவள் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வரும். மெல்ல எழுந்துபோய், கடையிலிருந்து கொண்டுவந்திருந்த பழைய டிஸ்க் பையைத் தூக்கிவந்து கட்டிலில் கொட்டினாள். ஓடுவது, ஓடாதது, போன வருஷமே அழித்து முடித்தது, எல்லாவற்றுக்கும் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து ஜெபம் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் சித்தப்பா பதில் சொன்னார். பதிலுக்கு வாய் திறக்கிறபோது, என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். நான் ஒரு வாய் கஞ்சியை உள்ளே தள்ளிவிட்டேன். ஒரு டிஸ்க்குக்கு ஒரு வாய். பாஸ்காவிலிருந்து பட்டினி கிடந்த மனிதர், அன்றைக்குத் தகரத்துக்கெல்லாம் மோட்சம் வாங்கிக் கொடுத்துவிட்டுக் கிண்ணத்தைக் காலி செய்தார்.

டிஸ்க்கெல்லாம் தீர்ந்ததும் அவரே முகத்தை இந்தப் பக்கம் திருப்பினார். இன்னும் இருக்கிறதா என்று பார்த்தாரோ என்னவோ. விண்ணரசி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "போதும் மாமா, எல்லாருக்கும் கெடச்சாச்சு" என்றாள்.

சாயங்காலத்துக்குள் மிஷின் ஓடியது. சீட்டு வந்தது. இடது கை வெளியே வந்தது.

அவருக்குப் பேச்சு முழுசாகத் திரும்பவில்லை. ஜெபங்கள் வந்தன, சீட்டின் பெயர்கள் வந்தன, ஒருநாள் "எம்மா" என்று அவளைக் கூப்பிட்டார். அதற்கு மேல் இல்லை. எங்களுக்கு அது போதும். சகாயராஜ் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் பண்ணுவான். விண்ணரசி போனை அப்பா முன்னால் பிடிப்பாள். அவன் ஜெபமாலையின் ஒவ்வொரு ஜெபத்திலும் முதல் பாதியைச் சொல்ல, இவர் மறுபாதியைச் சொல்ல, அப்படித்தான் அப்பனும் பிள்ளையும் பேசிக்கொண்டார்கள்.

அடுத்த தவக்காலத்தில் விண்ணரசி துணியைப் போர்த்தினாள். ஆனால் தினம் மாலை துணிக்குள்ளேயே மிஷினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டாள். திரை தெரியாது, உள்ளே தட்டு சுற்றுகிற உறுமல் மட்டும் கேட்கும். சித்தப்பா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு கிடப்பார். பங்குக்குப் புதிதாக வந்த சாமியார் நற்கருணை கொடுக்க வந்தவர், "துணிக்குள்ள என்னம்மா சத்தம்?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல ஃபாதர். ஒட்டிக்காம இருக்கச் சுத்துது" என்றாள் அவள்.

அப்படி இன்னும் நாலு தவக்காலம் பார்த்தார் ஆசீர்வாதம் சித்தப்பா. சம்பா அறுப்பு முடிந்த ஒரு மத்தியானத்தில், கஞ்சி குடித்துவிட்டுத் தூங்கினவர் எழுந்திருக்கவில்லை. சாமியார் வரத் தாமதமானதால் குழியோரத்தில் ஜெபத்தை விண்ணரசிதான் ஆரம்பித்தாள். பெண்பிள்ளை ஆரம்பிப்பதா என்று யாரும் கேட்கவில்லை. ஊரே சேர்ந்து பதில் சொன்னது.

அதற்கு மறு வருஷம் சகாயராஜ் சிங்கப்பூரை முடித்துக்கொண்டு வந்துவிட்டான். எல்வின் பெங்களூரிலேயே ஃபெபி என்கிற பெண்ணைக் கட்டிக்கொண்டான். லூத்தரன் குடும்பம், தங்கமான பெண். விண்ணரசி இப்போது நாகப்பட்டினத்தில் ஒரு வாடகை வீட்டு மாடியில் சகாயராஜோடு இருக்கிறாள். கீழே கடை, காலையில் மட்டும் திறக்கிறாள்.